போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேசைக்குக் கொண்டு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போகிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எங்கள் தெருவில் மாடிப்படிகளுக்கு அடியில் இப்போதே மூட்டைகள் சேரத் தொடங்கிவிட்டன. ஓடாத டேபிள் ஃபேன், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, ஜிப் போன பள்ளிக்கூடப் பை, கம்பி வளைந்த குடை என்று எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. இவற்றில் பாதி போகியன்று விடிவதற்குள் தெருவில் எரிந்துவிடும். மீதி பொங்கல் முடிந்ததும் குப்பை வண்டியில் ஏறி, எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடையில் இருக்கும் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கே வந்து சேரும். அதற்குள் அந்த மூட்டைகளை ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள் என்று வட சென்னை மக்களைக் கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கொடுங்கையூரில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன். பிளவுஸ், சுடிதார், பள்ளிச் சீருடை தைப்பதுதான் தொழில். எங்கள் தெருவாசிகள் எட்டுப் பேர் சேர்ந்து, மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை, கோயில் பக்கத்து வேப்பமரத்தடியில் மேசை போட்டு, வீட்டுப் பொருட்களைப் பழுது பார்க்கிறோம். எட்டுப் பேரில் மூன்று பேர் பெண்கள். மின்சாரத்தை என் கடையிலிருந்து நீள ஒயர் போட்டு எடுத்துக்கொள்கிறோம்.

இது தொடங்கியது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வந்துபோன பிறகு. எங்கள் தெருவில் மூன்று நாள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த அன்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வாஷிங் மெஷின், கிரைண்டர், மிக்ஸி எல்லாம் சேறு பூசிக்கொண்டு வரிசையாக நின்றதை என்னால் மறக்க முடியாது. என் மோட்டார் மிஷினும் அந்த வரிசையில்தான் இருந்தது. ஓடுகிறதா பார்க்கலாம் என்று இரண்டு மூன்று வீட்டில் பிளக்கைச் சொருகிவிட்டார்கள். சொருகிய உடனே புகைந்து எரிந்துபோயின.

அப்போதுதான் எங்கள் வைண்டிங் அண்ணன் வீடு வீடாக வந்தார். ரயில் பெட்டிப் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் மின்விசிறி மோட்டாருக்குக் கம்பி சுற்றி ஓய்வு பெற்றவர் அவர். "யாரும் சுவிட்சைப் போடாதீர்கள், தண்ணீரில் முங்கியதால் மோட்டார் சாவதில்லை, ஈரத்தோடு மின்சாரம் கொடுப்பதால்தான் சாகிறது" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். மூடியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, காய வைக்கச் சொன்னார். மார்கழி நெருங்கும் நேரத்தில் வெயிலுக்கு எங்கே போவது? ஒரு மரப்பெட்டிக்குள் மோட்டாரை வைத்து, பக்கத்தில் நூறு வாட் குண்டு பல்பை எரியவிட்டு, அந்தச் சூட்டிலேயே இரண்டு நாள் காய வைத்தார். என் தையல் மோட்டார் அப்படித்தான் பிழைத்தது. இன்றைக்கும் ஓடுகிறது.

காய்ந்ததா இல்லையா என்று பார்க்க அவர் வைத்திருந்த கருவியை வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு பலகையில் ஒரு ஹோல்டர், அதில் குண்டு பல்ப், பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட். அவ்வளவுதான். சீரிஸ் பல்ப் என்பார்கள். பழுதான பொருளை அந்தப் பாயிண்டில் சொருகினால், மின்சாரம் பல்பைக் கடந்துதான் பொருளுக்குள் போக முடியும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். வீட்டு ஃபியூஸ் போகாது, பொருளும் கருகாது. மோட்டார் நன்றாக இருந்தால் பல்ப் மங்கலாக எரியும். எரியவே இல்லை என்றால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். இருபது வருடமாக மின்சாரத்தைக் கண்டு பயந்தவள் நான். அந்தப் பல்பு எரிவதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் பயம் தெளிந்தது. ஆனால் ஒன்று, அதைக் கற்றவர் பக்கத்தில் இல்லாமல் யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் மேசையில் கண்டிப்பான விதி.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை உட்காருவோம் என்று முடிவு செய்தோம். போன மாதம் வந்தவை பத்தொன்பது பொருட்கள். பன்னிரண்டு சரியாகிப் போயின. நான்கைக் கடைக்கு அனுப்பினோம். மூன்று எதற்கும் உதவாது என்று தெரிந்ததும், உடையவர்களைக் கேட்டுக்கொண்டு, திருகு, ஸ்பிரிங், ஒயர், குமிழ் என்று பிரித்து பிஸ்கட் டின்களில் போட்டு வைத்தோம். அடுத்த மாதம் வரும் ஒரு டேபிள் ஃபேனுக்கு அந்தத் திருகு வேண்டியிருக்கும்.

ஒரு பொருளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். எங்கள் தெருமுனையில் காலையில் இட்லிக் கடை போடும் ஆயா, ஒயர்கூடையில் ஒரு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தார். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் கிடைத்தது அது. வட சென்னையில் எத்தனையோ வீடுகளில் அந்த மூன்றும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆயா அதில்தான் தினமும் சட்னி அரைக்கிறார். மோட்டார் சத்தம் வருகிறது, ஜார் சுற்றவில்லை. பெரிய கடையில் கேட்டதற்கு இதை யாரும் இப்போது பார்ப்பதில்லை, புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆயாவுக்கு அது நான்கு நாள் வியாபாரத்துப் பணம்.

அண்ணன் ஜாரைத் தூக்கிவிட்டு உள்ளே பார்த்தார். ஜாரின் அடிப்பாகம் வந்து உட்காரும் கப்ளர், பல் விழுந்த ஈறு போல மழுங்கியிருந்தது. மோட்டார் சுற்றினாலும் ஜாரைப் பிடித்துக்கொள்ள அதற்குப் பல் இல்லை. எங்களோடு உட்காரும் பிளஸ் டூ படிக்கும் பையன் கப்ளரைக் கழற்றப் போனான். இரண்டு முறை திருகியும் அசையவில்லை. "மோட்டார் ஓடும்போது கழன்றுவிடாமல் இன்னும் இறுகும்படி மரை வெட்டியிருப்பார்கள். இந்த மிக்ஸியில் மரை எதிர்ப்பக்கம்" என்று அண்ணன் சொன்னார். மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் தெரியும் தண்டின் நுனியை ஸ்குரூ டிரைவரால் பிடித்துக்கொண்டு, மேலே கப்ளரை மறுபக்கம் திருப்பச் சொன்னார். டக்கென்று விட்டது. புதுக் கப்ளர் நாற்பது ரூபாய். ஜாரின் புஷ்ஷில் பத்து வருடத்து மிளகாயும் தேங்காயும் கெட்டிப்பட்டிருந்ததை நானும் பக்கத்து வீட்டு அக்காவும் வெந்நீர் ஊற்றி ஊசியால் கிண்டி எடுத்தோம். ஜாரில் தண்ணீர் விட்டு ஓட்டியபோது, அந்த உறுமல் மாறி ஒரே சீரான சத்தம் வந்தது. ஆயா கடைசி இரண்டு திருகைத் தன் கையாலேயே முடுக்கிவிட்டுத்தான் மிக்ஸியைக் கூடையில் வைத்தார். அடுத்த மாதம் தன் சம்பந்தி வீட்டு இஸ்திரிப் பெட்டியோடு வந்தார்.

என் வேலை துணியும் பையும். பள்ளிக்கூடப் பைகள் எத்தனை ஜிப்பால் மட்டும் குப்பைக்குப் போகின்றன என்று பார்த்தால் வயிறு எரிகிறது. பெரும்பாலும் ஜிப்பின் பற்கள் நன்றாகவே இருக்கும். ரன்னர்தான் வாய் அகன்றுபோய் இரண்டு பக்கத்தையும் கடிக்காமல் விட்டிருக்கும். குறடால் ரன்னரின் இரண்டு ஓரத்தையும் மெல்ல, சமமாக அழுத்தினால் போதும். அழுத்தம் கூடினால் அது உடைந்துவிடும் என்பதால் கை பழக வேண்டும். அதற்கும் சரிவராவிட்டால் பத்து ரூபாய்க்குப் புது ரன்னர் இருக்கிறது. பற்களில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் இன்னொரு வருடம் ஓடும். இதை நான் இதுவரை முப்பது பிள்ளைகளுக்காவது கற்றுக்கொடுத்திருப்பேன். தன் பையைத் தானே சரிசெய்த பிள்ளை அதை அடுத்த முறை தூக்கி எறிவதில்லை. என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மேசை போட்ட மூன்றாவது மாதம், மெயின் ரோட்டில் ஃபேன், மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வந்து கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இலவசமாகச் செய்துகொடுத்தால், திங்கட்கிழமை நான் கடையைத் திறந்து வைத்து என்ன செய்வது?" என்று கேட்டார். எங்களில் சிலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. என் கடை வாசலில் யாரோ நாலு பேர் உட்கார்ந்து பிளவுஸை இலவசமாகத் தைத்துக் கொடுத்தால் நானும் அப்படித்தான் போய் நின்றிருப்பேன்.

அன்று மேசையை எடுத்து வைத்த பிறகு இரவு வரை பேசினோம். அவரும் உட்கார்ந்து பேசினார். அதன்படி இன்று நடப்பது இதுதான். பொருளைக் கொண்டு வருபவரிடம் முதலில், கடையில் கேட்டீர்களா என்று கேட்கிறோம். கடைக்காரர் செய்துகொடுக்கக்கூடிய வேலை, அதிலும் மோட்டாருக்குக் கம்பி சுற்றுவது போன்ற பெரிய வேலை என்றால் அது கடைக்குத்தான் போகும். பொருளின் விலையைவிடக் கூலி அதிகமாகும் என்று கடைகள் திருப்பி அனுப்புகிற சின்னப் பழுதுகளும், உடையவரே கற்றுக்கொண்டு செய்துவிடக்கூடியவையும் எங்கள் மேசைக்கு. ஒரு பொருளுக்கு முப்பது ரூபாய் டப்பாவில் போட வேண்டும். உதிரிபாகத்தின் விலை தனி. அந்தப் பணத்தில், மேசைக்கு வந்து உட்காரும் தொழிலாளிகளுக்கு ஆளுக்கு இருநூற்றைம்பது ரூபாய் கொடுக்கிறோம். இப்போது அந்தக் கடைக்கார அண்ணனும், குடையும் செருப்பும் தைக்கும் பெரியவரும் மாதம் தவறாமல் வருகிறார்கள். டப்பாவில் குறைந்தால் நாங்கள் கையிலிருந்து போடுகிறோம். அண்ணனின் கடைக்கு நாங்கள் அனுப்பும் வேலை, முன்பு அவருக்கு வராத வேலை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இந்தப் பழுது மேசை யோசனை வெளிநாட்டில் ஏற்கெனவே பெயர் பெற்றது. 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி முதல் ரிப்பேர் கஃபேயை நடத்தினார். பெங்களூரில் 2015-லிருந்து நடக்கிறது. என் மகள் செல்போனில் காட்டித்தான் எனக்கு இதெல்லாம் தெரிந்தது, அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் வெளிநாட்டில் தெருவில் பழுது பார்ப்பவர் இல்லாமல் போனார், இருந்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை, அதனால் தெரிந்தவர்கள் இலவசமாக வந்து உட்கார்ந்தார்கள். வட சென்னையில் கை இன்னும் இருக்கிறது. சாணை பிடிப்பவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருகிறார். அம்மி கொத்துபவர், பித்தளைக்கு ஈயம் பூசுபவர், கட்டிலுக்கு நாடா பின்னுபவர் அபூர்வமாகிவிட்டார்கள். ஆனாலும் கண்ணில் படுகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை, வருமானம் இல்லை. ஆகவே நம் பக்கத்தில் குழு தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அந்தத் தெருவின் ரிப்பேர் கடை. அவரைக் கேட்காமல் இலவசப் பலகை மாட்டாதீர்கள். அவர் வயிற்றில் அடித்துவிட்டு நாம் குப்பையைக் குறைத்தோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

குப்பை எங்களுக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. சென்னையில் நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. தென் பகுதியின் குப்பை பெருங்குடிக்குப் போகிறது, வட பகுதியின் குப்பை கொடுங்கையூருக்கு வருகிறது. 250 ஏக்கருக்கு மேல் பரந்த மேடு அது. இப்போது பயோமைனிங் முறையில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கிறார்கள். அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் எரிஉலை வேண்டாம் என்று 2025-ல் எங்கள் பகுதி மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள், நானும் நின்றேன். மேடு தீப்பிடித்த நாட்களில் ஜன்னலை ஈரத்துணியால் அடைத்துவிட்டுத்தான் நான் தைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் துணியில் புகை நாற்றம் ஏறிவிடும்.

ஓடாத மிக்ஸியைக் காயலான் கடையில் போட்டால் நூறோ நூற்றைம்பதோ கிடைக்கும். எடைக்குப் போகும் செம்புக்காக அதன் ஒயரை யாரோ ஒரு சிறுவன் எங்கோ ஒரு மூலையில் எரிப்பான். ஒயரின் மேல் உறை பிவிசி என்ற பிளாஸ்டிக். அதை எரித்தால் டையாக்ஸின் போன்ற நச்சு வெளியேறுகிறது. 2006-லிருந்து அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அதை உடைத்தும் செம்பு எடுக்கிறார்கள். என் அம்மா வீட்டில் போகிக்கு எரித்தது தேய்ந்த துடைப்பமும், கிழிந்த கோரைப் பாயும், பழைய முறமும்தான். மண்ணிலிருந்து வந்தவை, சாம்பலாகி மண்ணுக்குப் போயின. இன்று எரிவது ரெக்சின், நைலான், பாலியெஸ்டர், டயர். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போனது பலருக்கு நினைவிருக்கும். மாநகராட்சியும் சில வருடங்களாகப் பழைய துணியையும் டயரையும் எரிக்காமல் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறது. அது நல்ல காரியம். அப்படிக் கொடுப்பதற்கும் முன்னால் ஒரு வாசல் இருக்கட்டும் என்பதே எங்கள் விருப்பம்.

எங்களால் முடியாதவையும் உண்டு. கேஸ் அடுப்பு, ரெகுலேட்டர், மைக்ரோவேவ், பழைய படக்குழாய் டிவி, உப்பிய செல்போன் பேட்டரி எதையும் தொடமாட்டோம். மைக்ரோவேவின் கேபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும் என்று வைண்டிங் அண்ணன் சொல்லியிருக்கிறார். இன்னொன்று, திறக்கவே முடியாதபடி செய்துவிட்ட பொருட்கள். ஒருவர் கொண்டுவந்த மின்சாரக் கெட்டிலின் அடிப்பாகத்தில் திருகே இல்லை, முழுவதும் ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு சின்ன சுவிட்ச்தான் போயிருக்கும். திறக்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டும். வாங்கி எட்டு மாதமான பொருள் அது. அன்று அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம், ஒன்றும் செய்ய முடியவில்லை. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று, பழுது நீக்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. ஃபிரான்ஸ் நாட்டில் 2021-ல், செல்போன், வாஷிங் மெஷின் போன்றவற்றை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று விதி வந்தது. அப்படி ஒரு மதிப்பெண் நம் கடைகளிலும் மிக்ஸிக்கும் கெட்டிலுக்கும் ஒட்டப்பட வேண்டும். நாற்பது ரூபாய்க் கப்ளர் போல எல்லா உதிரிபாகமும் தனியாகக் கிடைத்தால் எங்கள் மேசையில் சரியாகும் பன்னிரண்டு பொருள் பதினைந்தாகும்.

மாநகராட்சியிடம் நாங்கள் கேட்பது பணம் இல்லை. வார்டுக்கு ஒரு சமுதாயக் கூடத்தின் வராந்தா, மாதம் ஒரு ஞாயிறு காலை மூன்று மணி நேரம், ஒரு பிளக் பாயிண்ட். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரத்தடியில் மின்சார வேலை பார்க்க முடியாமல் இரண்டு மாதம் என் கடைக்குள் ஒடுங்கி உட்கார்ந்தோம். வந்தவர்கள் தெருவில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். வட சென்னை ஐடிஐ மாணவர்களை மாதம் இரண்டு பேராக அனுப்பினால் அவர்களுக்கும் கை பழகும், எங்கள் வைண்டிங் அண்ணனுக்கு எழுபது வயது ஆகிறது, அவர் கையில் உள்ளது யாருக்காவது போய்ச் சேரும். வியாசர்பாடியிலோ, கொருக்குப்பேட்டையிலோ, தண்டையார்பேட்டையிலோ இதைத் தொடங்க நினைப்பவர்கள் இருந்தால், சீரிஸ் பல்ப் பலகையை ஒரு நாளில் செய்து கொடுக்க அண்ணன் தயாராக இருக்கிறார்.

வரும் ஜனவரி 11, போகிக்கு மூன்று நாள் முன்னால் வருகிற இரண்டாவது ஞாயிறு. அன்று மட்டும் மாலை ஐந்து மணிவரை உட்காருகிறோம். மிக்ஸியைக் கொண்டு வருபவர்கள் ஜாரையும் மூடியையும் சேர்த்து எடுத்து வாருங்கள். பாதிப் பழுது ஜாரில்தான் இருக்கிறது. குடைக்கு உடைந்த கம்பியைத் தூக்கிப் போட்டுவிடாமல் கொண்டு வாருங்கள், அதே அளவில் வெட்ட அது வேண்டும்.

இப்படிக்கு,
தையல் கடை நடத்தும் ஒரு வாசகி,
கொடுங்கையூர், சென்னை - 118.